நைட்டிக்கார அக்காவின் மாத்திரை அட்டை

டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில், நோயாளிக்கும் வீட்டாருக்கும் நடுவில், வீட்டாருக்கும் தெருவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு எல்லாப் பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகத்துக்கு மனநல ஆதரவாளர் என்று பெயர். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலும், ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரம் வரை பல வீடுகளிலும் பதினாறு வருஷம் இந்த வேலையைப் பார்த்தேன். முழங்கால் மக்கர் பண்ணியதால் போன ஆடி மாதத்தோடு விட்டாயிற்று. இதற்கு எனக்கிருந்த தகுதி ஒன்றுதான். அதே வராந்தாவில் நானும் ஒரு காலத்தில் நோயாளியாக உட்கார்ந்திருந்தவள். இன்றும் தினம் ஒரு மாத்திரை உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் இது தெரியும். உறையூரில் என் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

உங்களில் டோக்கனும் கையுமாக அப்படியொரு வராந்தாவில் உட்கார்ந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கரெக்டாக அன்றைக்குத்தான் தெரிந்தவர் வந்தும் இருப்பார்.

கண் டாக்டர்

தென்னூரில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் பாத்திரக் கடைக்காரர், மற்றவர் ஸ்கூல் வாத்தியார். இரண்டு பேருக்கும் தூக்கமில்லாத வியாதி, ஒருவருக்கு இருப்பது மற்றவருக்குத் தெரியாது. ஒருநாள் எங்கள் வராந்தாவில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். "கண்ணு காட்ட வந்தேன்" என்றார் வாத்தியார். "நானும் அதுக்குத்தாங்க" என்றார் கடைக்காரர். கண் பிரிவு அடுத்த கட்டடத்தில் இருந்தது. டோக்கன் நம்பரை உரக்கக் கூப்பிட வேண்டிய நான், அன்றைக்கு அவர்களிடம் மட்டும் போய்க் காதோடு சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். டீ குடித்தபடி பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "இப்பக் கண்ணு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார் கடைக்காரர். வாத்தியார் சொன்னார்: "பரவாயில்லீங்க. நேத்து ஆறு மணி நேரம் தூங்குச்சு."

திங்கட்கிழமைப் பை

தனத்துக்கு வயது நாற்பதை நெருங்கும். கல்யாணம் ஆகவில்லை. ஜீயபுரத்தில் பூவன் வாழை போடுகிற அண்ணன் வீட்டில் இருந்தாள். காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்ததும் அண்ணன் குமரவேல்தான் கொண்டுவந்து சேர்த்தார். மருந்து நன்றாகவே வேலை செய்தது. குரல்கள் அடங்கின, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். அழைத்துப்போகத்தான் ஆள் வரவில்லை. அண்ணன் கொடுத்திருந்த போன் நம்பரில் கரூரில் ஒரு டயர் கடைக்காரர் பேசினார்.

எங்கள் வார்டில் திங்கட்கிழமைதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு திங்களும் தனம் தலைக்குக் குளித்து, பின்னல் போட்டு, இரண்டு புடவையையும் சீப்பையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைப்பாள். ஏழாவது திங்கள், பார்க்கப் பொறுக்காமல் வார்டு சிஸ்டர், "இன்னிக்கு வேணாம் தனம், அடுத்த வாரம் கட்டிக்கலாம்" என்றார். அதற்குத் தனம் சொன்னாள்: "நான் கட்டி வெக்கலேன்னா அண்ணன் வந்து காத்திருக்கணும் சிஸ்டர். அதுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

பையோடயே வாங்கோ

நான் வீடுகளுக்குப் போவதில் ஒரு சிக்கல் இருந்தது. நான் நுழைகிற வீட்டை ஊரே குறித்துவைத்துக்கொள்ளும். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி இதற்கு வழி சொன்னார். அவருடைய பிள்ளை ஒரு வருஷமாக அறையைவிட்டு வெளியே வரவில்லை. "ஆஸ்பத்திரி கார்டை மாட்டிண்டு வராதீங்கோ. ஏதாவது விக்கறவா மாதிரி வாங்கோ" என்றார். பெரிய கடைவீதியில் அரை டஜன் நைட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளையோடு மூடிய கதவு வழியாகத்தான் பேச்சு. மூன்றாம் மாதம் கதவு ஒரு கை அகலம் திறந்தது. வெளியே நின்று மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த ஒரு கை அகலத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இதற்குள் நான் ஊர் பூராவும் நைட்டிக்கார அக்கா ஆகிவிட்டேன். கூப்பிட்டுக் கேட்டால் விற்காமல் இருக்க முடியுமா? எனக்கு அளவு தெரியாது. ஒல்லியானவருக்குத் தொளதொளப்பாகவும் பருமனானவருக்கு மூச்சு முட்டும்படியும் கொடுத்துவிட்டு, துவைத்தால் சரியாகிவிடும் என்று இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்வேன். மாமியின் எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். எல்லா நைட்டியையும் பிரித்துப் பார்த்தார், மடித்தார், தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்காத்துலயும் ஒருத்தர் யாரோடயும் பேசறதில்லை. எனக்கு நைட்டி வேண்டாம். ஆனா பையோடயே வாங்கோ."

பூரண குணம்

தனம் காத்திருந்த எட்டாவது வாரம் நைட்டிப் பையோடு ஜீயபுரத்துக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாப்பில் "குமரவேல் வீட்டுல நைட்டி கேட்டிருந்தாங்க" என்றதும் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். குமரவேல் கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "அடியோட குணமாயிடுச்சுன்னு நீங்க சொல்லுங்க, நாளைக்கே கூட்டிட்டு வரேன்."

சர்க்கரை வியாதி மாதிரிதான் இதுவும், மாத்திரையை விடக் கூடாது, விட்டால் திரும்பும் என்று எத்தனையோ வீட்டில் சொன்ன வாய் என்னுடையது. அன்றைக்குக் கண்ணுக்குள் அந்த ஜவுளிக்கடைப் பைதான் நின்றது. "பூரண குணங்க" என்று சொல்லிவிட்டேன். எங்கள் தொழிலில் வாயில் வரவே கூடாத வார்த்தை அது. திங்கட்கிழமை அண்ணன் வந்தார். மாத்திரையைத் தனத்தின் கையில் கொடுத்து, தினமும் போடு என்று அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "குணமாயிடுச்சுன்னு எங்க தெருவுக்கே சொல்லிட்டேங்க. இனிமே ஒரு பயமும் இல்ல."

அதே கட்டில்

நாலு மாதத்தில் தனம் அதே கட்டிலுக்குத் திரும்பி வந்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதென்று அண்ணி மாத்திரை அட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டார். குணமானவளுக்கு மாத்திரை எதற்கு என்று அவர் கேட்டதில் என்ன தப்பு? தனமும் சரியென்று விட்டுவிட்டாள். குரல்கள் திரும்பின. வாழைக்கொல்லையில் நின்று யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சண்டை போட்டவளை அண்ணன் கொண்டுவந்து விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அவள் தெளிந்து பேச மூன்று வாரம் ஆனது. இந்த முறை திங்கட்கிழமை வந்தும் பையைத் தொடவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் அழுதேன். "குணமாயிட்டேன்னு நீங்கதானக்கா சொன்னீங்க. நான் அதை நம்பிட்டேன்."

பை இல்லாமல்

மறுநாள் நைட்டிப் பையை வீட்டில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜீயபுரம் போனேன். வழி நெடுகக் காவிரியைப் பார்த்தபடி, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டேன். இறங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று. குமரவேல் வாசலில் வாழைத்தார்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணி நிலைப்படியில் நின்றார். போன முறை நான் விற்ற நைட்டியை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் நின்றாள். தோள் இரண்டும் நழுவிக்கொண்டிருந்தது.

"நான் நைட்டி விக்கிறவ இல்லீங்க. உங்ககிட்ட பூரண குணம்னு சொன்னது பொய்" என்றேன். பர்ஸிலிருந்து என் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். "இது என்னோடது. தினம் போடறேன். போட்டாத்தான் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்து உங்ககூடப் பேசறேன். விட்டா எனக்கும் திரும்ப வரும். தனமும் அப்படித்தான். மாத்திரையோட இருந்தா நல்லா இருப்பா." தெருவில் வைத்து வாழ்க்கையில் முதல்முறையாக இதைச் சொன்னேன். குமரவேல் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடமே கொடுத்துவிட்டு இன்னொரு தாரைத் தூக்கினார். பக்கத்து வீட்டுப் பெண்தான் நழுவிய தோளை ஏற்றிவிட்டபடி கேட்டாள்: "அப்ப இந்த நைட்டியும் ஆஸ்பத்திரியில குடுக்கிறதாக்கா?"

காத்திருந்தவர்

அடுத்த திங்கள் பதினோரு மணிக்குக் குமரவேல் வந்து நின்றார். தனம் பை கட்டியிருக்கவில்லை. தலைகூட வாரவில்லை. அண்ணனைப் பார்த்ததும் பதறிப்போய்ப் புடவையைச் சுருட்டினாள், சீப்பைத் தேடினாள், சீப்பு கிடைத்ததும் புடவையைத் தொலைத்தாள். அவர் போய் வராந்தா பெஞ்சில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாங்க?" என்று கேட்டார். பின்னாடி என்றேன். கடைசி பஸ்ஸே போய்விடும்போல் தனம் பறந்தாள். நான் அவளை அவசரப்படுத்த எழுந்தபோது அந்தப் பொறுமையில்லாத அண்ணன் என்னைக் கையமர்த்தினார்: "மெதுவாக் கட்டட்டும்ங்க. நான் இருக்கேன்."

பதினாறு வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்தது, சொன்ன ஒரு பொய்யைத் தேடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொண்டதுதான். விற்ற நைட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லித்தான் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.