இரண்டு நாள் கழித்து

அந்த மறுவாழ்வு மையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவள் பிசியோ அக்கா. பக்கவாதம் வந்து கை தொங்கிப்போய் வந்தவர்களை, ஆறே மாதத்தில் சட்டைப் பொத்தானைத் தாங்களே போட்டுக்கொள்ள வைத்து அனுப்பியிருக்கிறாள். "முடியலம்மா" என்று யாராவது முனகினால், "முடியலன்னு சொல்றதுக்கே இவ்வளவு தெம்பு இருக்கே, அப்ப இன்னும் ரெண்டு தடவ தூக்குங்க" என்பாள். சிரித்துக்கொண்டே தூக்குவார்கள்.

அதையேதான் வீட்டில் புருஷனிடமும் சொன்னாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறியே போகிற ஆள். ஒரு தடவை காய்ச்சல் வந்து படுத்தார். ஒரு வாரத்தில் காய்ச்சல் போய்விட்டது, தெம்பு மட்டும் திரும்பவில்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கண்ணே மூடாதவர் மாதிரி இருந்தார். குளித்துவிட்டு வந்தால் இடுப்புத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்துவிடுவார், சட்டை போட அரை மணி நேரம் ஆகும். கொஞ்சம் நின்றால் தலை சுற்றும். பேச்சுக்கு நடுவில் 'ஸ்க்ரூடிரைவர்' என்ற வார்த்தை வராமல் விரலால் திருகிக் காட்டினார்.

ரத்தம், இதயம், தைராய்டு, நுரையீரல் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு குறையும் இல்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. ஆறு மாதம் கழித்து ஒரு டாக்டர் 'நாள்பட்ட சோர்வு நோய்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். புருஷனுடைய அக்கா, பள்ளிக்கூட அலுவலகத்தில் நாலு பேரை மேய்க்கிறவள், அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சோர்வெல்லாம் ஒரு நோயா? அப்ப எங்க ஆபீஸே ஆஸ்பத்திரிலதான் இருக்கணும்" என்றாள்.

பிசியோ அக்கா நாத்தனாரோடு சேர்ந்து சிரிக்கவில்லை. ஆனால் அவளும் நம்பவில்லை. படுத்தே கிடந்தால் தசை கரையும், நடந்தால் பலம் வரும். அவள் படித்ததும் பார்த்ததும் அதுதான். ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டாள். முதல் நாள் ஐந்து நிமிட நடை, நாலு நாளைக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் கூட.

"இன்னிக்கு வேண்டாமே" என்பார்.

"எழுந்திருங்க. என்கிட்ட வர்ற எழுபது வயசுக்காரரே பத்து நிமிஷம் நடக்கிறாரு."

எழுந்துவிடுவார். பொண்டாட்டியிடம் சோம்பேறிப் பட்டம் வாங்க எந்த ஆம்பளைக்குத்தான் மனசு வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். நோட்டில் எண்கள் அழகாக ஏறின. ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று. நடுவில் அவர் எழுந்திருக்காத நாட்களும் இருந்தன. அவற்றை அவள் 'மனசு சரியில்லை' என்று ஓரத்தில் எழுதி வைத்தாள்.

பத்தொன்பதாவது நிமிடத்தைத் தொட்ட அன்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். அதற்கு மறுநாளுக்கு மறுநாள் காலையில், மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில், படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னார். பால் வாங்கப் போனவர். சுவரில் சாய்ந்து கிடந்தார். காலைப் பிடித்து நிமிர்த்தப் போனாள், தொட்டதற்கே வலியில் துடித்தார்.

"நான் நடிக்கலம்மா" என்றார். அதற்கு மேல் பேச அவரால் முடியவில்லை.

அடுத்த ஐந்து வாரம் அவர் அறையில் திரைச்சீலை திறக்கவே இல்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது, மிக்ஸி சத்தம் தலையைப் பிளந்தது. அவள் சாப்பாடு ஊட்டினாள். ஊட்டும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நாத்தனார் சும்மா இருப்பாளா? எங்கேயோ விசாரித்து ஒரு முகாமைப் பிடித்தாள். அங்கேயே தங்கி வைத்தியம், காலையில் ஓட்டம், பனிக்கட்டித் தண்ணீர்க் குளியல், கையில் ஊசி ஏற்றிச் சத்து மருந்து. இருபத்தொரு நாளில் ஆளை ஓட வைத்துவிடுவார்களாம். "ஞாயித்துக்கிழமை காலைல காரோட வரேன், தயாரா இரு" என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினாள். அவரும் சரி என்றுவிட்டார். இப்படியே கிடப்பதற்கு எதையாவது செய்து பார்ப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் பை கட்டும்போது, முகாமில் காட்டலாம் என்று பிசியோ அக்கா அந்த நோட்டையும் எடுத்தாள். வைப்பதற்கு முன் ஒரு தடவை புரட்டினாள். ஒன்பது நிமிடத்துக்கு ஏறியது செவ்வாய், 'மனசு சரியில்லை' வியாழன். பதினொன்றுக்கு ஏறியது சனி, 'மனசு சரியில்லை' திங்கள். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். நிமிடத்தைக் கூட்டிய ஒவ்வொரு தடவையும், சரியாக இரண்டு நாள் கழித்து அவர் விழுந்திருந்தார். நடந்த அன்று நன்றாகத்தான் இருந்தார். அவள் அந்த ஒரு நாளை மட்டும்தான் அளந்திருந்தாள்.

சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டரை உடனே போனில் பிடித்தாள்.

"இந்த நோய்க்கே உரிய குணம் அதுதாங்க" என்றார் டாக்டர். "உழைச்சதுக்கு வட்டி லேட்டா வரும். படிப்படியா கூட்டுற பயிற்சிய இதுக்குக் கொடுக்க வேண்டாம்னு பல இடத்துல இப்ப சொல்லிட்டாங்க. நான் அன்னிக்கே தெளிவா சொல்லியிருக்கணும். நீங்க பிசியோன்னதும் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

"அப்ப மருந்து?"

"முழுசா குணமாக்குற மருந்து இன்னும் இல்ல. தூக்கத்துக்கு, வலிக்கு, நின்னா வர்ற தலைசுத்தலுக்குத் தனித்தனியா பார்க்கலாம். இவங்களுக்கு மருந்து சட்டுனு ஒத்துக்காது, ரொம்பக் கொஞ்சமா ஆரம்பிப்போம். முக்கியமானது, களைப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும். இருக்கிற தெம்புக்குள்ளயே வாழப் பழகணும்."

அன்று ராத்திரி புருஷனிடம் இதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டது. அவர் எப்படியோ சட்டை போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கூடம் வரை வந்துவிட்டார். நாத்தனார் உள்ளே வந்து பையைத் தூக்கினாள். பிசியோ அக்கா அந்தப் பையின் இன்னொரு காதைப் பிடித்தாள்.

"அவர் வரலக்கா."

"கைய எடு. இத்தன மாசமா உன் லட்சணத்தப் பார்த்தாச்சு."

"அங்க ஓட விட்டா இவரு எழுந்திருக்கவே மாட்டாரு."

"ஓ! நீ நடக்க வெச்சா வைத்தியம், அவங்க ஓட வெச்சா தப்பா? விடாப்பிடியா இழுத்துட்டுப் போனது யாரு? நீதானே?"

"நான்தான்." பையை அவள் விடவில்லை. "நான்தான் இவர இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தேன். வேண்டாம் வேண்டாம்னு சொன்னாரு, கேக்கல. இதோ நோட்டு, என் கையெழுத்துலயே இருக்கு. நிமிஷம் கூட்டின ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் கழிச்சு விழுந்திருக்காரு. படிச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் கூட்டிட்டுப் போகணும்னா போங்க, நான் தடுக்கல."

நாத்தனார் நின்றபடியே படித்தாள். கார்க்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். அதற்குள் புருஷன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பொண்டாட்டியைப் பார்த்து, "எத்தன தடவ சொன்னேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நாத்தனார் வெளியே போய்க் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து, தம்பியை அங்கேயே படுக்க வைத்து, தலைக்குக் கீழே ஒரு தலையணையை வைத்தாள்.

அவர் பொண்டாட்டியை மன்னிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. பல வாரங்கள் தேவைக்கு மட்டும் பேசினார். அவளும் கெஞ்சவில்லை. குளியலறையில் ஒரு நாற்காலி போட்டாள். நின்றால் தலை சுற்றாமல் இருக்க, காலுக்கு இறுக்கமான நீளக் காலுறை வாங்கினாள். நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் ஒன்று கட்டிவிட்டு, டாக்டர் சொன்ன எண்ணைத் தாண்டினால் எதுவானாலும் அப்படியே போட்டுவிட்டுப் படுக்க வைத்தாள். பாதி முகம் சவரம் செய்துவிட்டுப் படுத்த நாளும் உண்டு. அன்றுதான் கண்ணாடியைப் பார்த்து ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

கம்பெனியில் இருந்து, வேலைக்கு வா அல்லது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று கடிதம் வந்தது. டாக்டரின் சான்றிதழோடு மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தது பிசியோ அக்காதான். அரை நாள் வாதாடி ஒரு வழி கண்டுபிடித்தாள். இப்போது எங்காவது லிஃப்ட் மக்கர் பண்ணினால் மெக்கானிக்குகள் போன் போட்டு மோட்டார் சத்தத்தைக் கேட்க வைப்பார்கள். அவர் படுத்துக்கொண்டே, "பிரேக் உரசுது, அதைத் தளர்த்திப் பாரு" என்பார். காலையில் நாற்பது நிமிடம், சாயங்காலம் நாற்பது நிமிடம். முடியாத நாளில் அதுவும் இல்லை. படி ஏறி அவர் மோட்டார் அறைக்குப் போகவில்லை, இனிமேல் போவாரா என்பதும் தெரியாது.

போன மாதம் அவராகவே எழுந்து, பால்கனியில் காய்ந்த துணிகளை எல்லாம் எடுத்து மடித்து வைத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் அதைப் பார்த்துப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மையத்துக்குப் போன் போட்டு, இரண்டு நாள் கழித்து வரும் நாளுக்கு விடுப்புச் சொன்னாள்.