கடற்கரையில் ஒரு திங்கட்கிழமை

தென் கரோலினாவில் டவுன் ஆட்கள் பஞ்சு மில்லில் வேலை செய்கிறவர்களைப் 'பஞ்சுத்தலையன்' என்று கேலி செய்வார்கள். டாய்ல் ஹன்னிகட்டுக்கு அது கேலியாகவே படவில்லை. பதினாறு வயதில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற கார்டிங் பகுதிக்குள் நுழைந்தவர் அவர். அங்கே வெயில்கூடப் பஞ்சுத்தூசிக்குள் புகுந்துதான் வரும். எதிரே நிற்கிற ஆள் பாதி தெரிவார், பாதி மிதப்பார். இருபது வருடத்துக்கு மேல் அந்த வெள்ளை மூட்டத்துக்குள் கனவில் நடக்கிறவர் போலவே நடமாடிவிட்டார்.

ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வந்தால் யாரோ நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவது போலிருக்கும். வியாழன் வாக்கில் தளரும். கார்டிங்கில் எல்லோருக்கும் அப்படித்தான். மழை பெய்தால் நனைகிறோம், திங்கட்கிழமை வந்தால் மூச்சு முட்டுகிறது. இதில் யாரிடம் போய் என்ன கேட்பது?

ஜூலையில் ஒரு வாரம் மில்லை மூடினால் ஊரே மர்ட்டில் கடற்கரைக்குக் கிளம்பிவிடும். மற்ற வருடமெல்லாம் டாய்ல் அந்த வாரமும் மெஷின் துடைக்கப் போய்விடுவார். இந்த வருடம்தான் மனைவி இனெஸ் விடாப்பிடியாக இழுத்து வந்தாள். மகள் வில்லடீனும் வந்திருந்தாள். பள்ளிப்படிப்பு முடிந்தாயிற்று, ஊர் திரும்பியதும் அவளுக்கும் கார்டிங்கில் வேலை. மேஸ்திரி கிரேடியின் கையைக் காலைப் பிடித்து டாய்ல்தான் வாங்கியிருந்தார்.

திங்கட்கிழமை விடிந்தது. நெஞ்சு இறுகட்டும் என்று டாய்ல் மணலில் உட்கார்ந்து காத்திருந்தார். அலை வந்தது, போனது, இறுக்கத்தை மட்டும் காணோம். அவித்த கடலை விற்கிற ஆளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்ப்பா, உங்க பக்கம் திங்கக்கிழமை நெஞ்சடைப்பு எப்ப வரும்? காலையிலயா, மத்தியானமா?"

"என்ன அடைப்பு?"

"அதாம்ப்பா, திங்கக்கிழமைக்கு வருமே!"

கடலைக்காரர் சிரித்துவிட்டார். "திங்கக்கிழமைக்கு எங்க வீட்ல துணி துவைப்பாங்க. நெஞ்சு ஏன்யா அடைக்குது? நேத்து கொஞ்சம் ஜாஸ்தி ஊத்திக்கிட்டியோ?"

டாய்ல் சிரிக்கவில்லை. எழுந்து கடலுக்குள் போனார். மல்லாந்து மிதந்தார். மூச்சு உள்ளே போனது, இன்னும் போனது, அடிவயிறு வரை தடையே இல்லாமல் போனது. காதை நிறைத்த தண்ணீருக்கு அப்பால் மகள் கத்திக் கும்மாளம் போடுவது வேறு யாருடைய கனவிலோ கேட்பது போலிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாரோ. கரைக்கு வந்தபோது அழுதுகொண்டிருந்தார்.

"ஏங்க, கண்ணு செவந்திருக்கே! உப்புத் தண்ணியா?"

"இன்னைக்குத் திங்கக்கிழமை, இனெஸ். எனக்கு ஒண்ணுமே ஆகல. அது கிழமை இல்லடி. மில்லு."

இனெஸ் அலைக்குள் துள்ளும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு கூடாரம் தள்ளி மேஸ்திரி தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். டாய்ல் ஈரத்தோடு போய் நின்றார்.

"மேஸ்திரி, என் பொண்ணு வேலைக்கு வரமாட்டா."

"என்னய்யா இது! கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு இப்ப வேண்டாங்கிற? பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கா, மேஸ்திரி. அதனாலதான் சொல்றேன்."