துர்காதேவி எட்டு போட்ட நாள்

ஆட்டோவின் கைப்பிடியில் துர்காதேவி துணியைச் சுற்றுவதைப் பார்த்து ஜாஃபருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாக்கா, வண்டிக்கு வளைகாப்பா? சந்தனம் கிந்தனம் கொண்டாரட்டுமா?"

"சிரிப்பா, நல்லா சிரி. நாளன்னிக்கு எட்டு போட்டு முடிச்சிட்டு வந்து உன்னப் பேசிக்கறேன்."

ஜாஃபர் காஞ்சிபுரத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். அவனிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். நாற்பதைத் தொடப்போகிற ஒரு பெண், அதுவும் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், அதுவும் விரல்கள் முழுசாக மடங்காத பெண், மின்சார ஆட்டோ ஓட்ட வேண்டும் என்று வந்து நின்றபோது அவன் முதலில் நம்பவே இல்லை. இப்போது அவள் ஓட்டுவதைத் தன் மற்ற மாணவர்களுக்குக் காட்டிப் பேசுகிறான். கேலியை மட்டும் விடவில்லை.

கைப்பிடி பருமனாக இருந்தால் விரல்கள் பாதி மடங்கினாலே பிடி கிடைத்துவிடும். அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் ஷாஹிஸ்தா சொல்லிக்கொடுத்தது அது. துர்காதேவியின் சமையலறையில் கரண்டி, கத்தி, சல்லடை எல்லாமே இப்படித் துணி சுற்றிக் குண்டாகத்தான் இருக்கும். ஆட்டோ மட்டும் என்ன, பெரிய கரண்டிதானே?

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தறியில் கணவன் ஜெயக்குமாரின் வலதுபக்கம் உட்கார்ந்தவள். சேலையின் உடல் பகுதிக்கு அவன் ஊடிழை ஓட்டும் நாடாவைப் போட, அவள் கரைக்கு நாடா போடுவாள். சில வருடங்களுக்கு முன்பு, காலையில் எழுந்தால் விரல் கணுக்கள் வீங்கியிருக்க ஆரம்பித்தன. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். டாக்டரிடம் போகலாம் என்று ஜெயக்குமார் சொன்னான். "இந்தப் பாவு இறங்கட்டும், போலாம்" என்றாள் அவள். தறியில் ஏற்றுகிற நீளவாட்டு இழைதான் பாவு; ஒரு பாவு என்றால் மூன்று சேலை. அது முடிந்தது. அடுத்த பாவு ஏறியது. அது யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்கு. அதையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று இந்த முறை ஜெயக்குமாரே சொன்னான். தறிக்காரர் வீட்டில் காய்ச்சல், தலைவலி, தங்கச்சி வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் பாவுதான் காலண்டர். ஆனால் அந்த நோய் பாவு இறங்கும்வரை காத்திருக்கவில்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது வலது மணிக்கட்டு மேல்பக்கம் மடங்குவதை நிறுத்தியிருந்தது.

"முடக்குவாதம்" என்றார் டாக்டர்.

"தறியில உக்காந்ததால வந்துச்சா சார்?"

இல்லை என்றார். உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தி வழிதவறித் தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. மருந்தால் அடக்கலாம், ஆனால் விடாமல் சாப்பிட வேண்டும், ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுகிற மாத்திரை ஒன்று. அதைத் தப்பித்தவறித் தினமும் சாப்பிட்டுவிடக் கூடாது என்று மூன்று பேர் மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். தறியால் வந்ததில்லை என்பது துர்காதேவிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தறி மேல் பழி இல்லை. அப்புறம் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதாள். தறி மேல் பழி இருந்தால் தறியை விட்டுவிட்டுச் சரியாகியிருக்கலாமே!

மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. ஷாஹிஸ்தா உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுக்க வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்கச் சொல்லித் தந்தாள். ஆனால் நாள் முழுக்க நாடா போடுகிற கையாக அது திரும்பவில்லை. வீட்டில் சும்மா உட்காருவது துர்காதேவியின் ஜாதகத்திலேயே கிடையாது.

அப்படி ஒருநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போதுதான் நதியாவின் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். நதியா ஐயம்பேட்டைப் பக்கம் மின்சார ஆட்டோ ஓட்டுகிறவள். முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்த துர்காதேவிக்கு ஒன்று உறைத்தது. இந்த வண்டியில் கிளட்ச் இல்லை. கியர் இல்லை. நசுக்கிப் பிடிக்க வேண்டியது எதுவுமே இல்லை. பிரேக்கும் காலில்தான் இருக்கிறது. காலுக்கு என்ன, அது நன்றாகத்தானே இருக்கிறது? இறங்குவதற்குள் தானும் இதை ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

"தறிக்கே வராத கை ஆட்டோவுக்கு வருமா?" என்றான் ஜெயக்குமார்.

"தறியில என் கை வேலை செய்யணும். ஆட்டோவுல பேட்டரி வேலை செய்யும். நான் திருப்பினா போதும்."

டாக்டர் அவள் கையைப் பலவிதமாக இழுத்தும் அழுத்தியும் பார்த்துவிட்டு, தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தார். நதியா இரண்டாவது வண்டி வாங்கியிருந்தாள். அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். "இந்த வாரத்துக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டா வண்டி உனக்கு. இல்லன்னா வேற ஆளு வச்சிடுவேன்மா, தப்பா எடுத்துக்காத" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள்.

தேர்வுக்கு முந்தைய நாள் காலை துர்காதேவி கண் விழித்தபோது விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. இறுக்கம் இல்லை, வலி இல்லை. பக்கெட்டைத் தூக்கினால் தூக்க வந்தது. ஐயோ, என்ன ஒரு காலை! அதே நேரம் தெருவில் சத்தம். பக்கத்து வீட்டார் பாவை வீதி நெடுக நீட்டிக் கஞ்சி தெளிக்கத் தொடங்கியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒட்டிய இழைகளைப் பிரிக்க வேண்டும், அறுந்ததை முறுக்கிப் பிணைக்க வேண்டும். அந்தத் தெருவில் பாவு நீட்டினால் யார் வீடு, எவர் வீடு என்று பார்ப்பதில்லை. கை இருக்கிறவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள்.

"துர்கா, இன்னா எட்டிப் பாத்துக்கினு நிக்கற? ஆட்டோக்காரி ஆயிட்டா பாவு தொடக் கூடாதா?" என்று எதிர்வீட்டுச் சங்கரி சீண்டினாள்.

அவ்வளவுதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். எத்தனை நாளாயிற்று பட்டிழையை இப்படித் தொட்டு! அறுந்த நுனியைக் கண்டுபிடித்து, சாம்பலைத் தொட்டு, ஒரு முறுக்கு. அடுத்தது. அதற்கடுத்தது. "பாருடி இவ கைய! வியாதின்னு யாரு சொன்னது?" என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க இன்னும் வேகமாக முறுக்கினாள். பாவைச் சுருட்டும் வரை நகரவில்லை. வீட்டுக்கு வந்தும் உற்சாகம் அடங்காமல் ஜமுக்காளங்களைத் துவைத்துப் பிழிந்தாள்.

தேர்வு நாள் காலையில் இரண்டு கையும் கட்டை போல் கிடந்தன. கட்டைவிரல் அடியில் சூடு. மோதிர விரல் கணு எலுமிச்சங்காய் போல் வீங்கியிருந்தது.

ஜெயக்குமார் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றான். "மெடிக்கல்ல போய் அந்த மாத்திரைய வாங்கினு வந்துடறேன் துர்கா. ஒண்ணே ஒண்ணு. அரை மணியில பறந்துடும். இன்னிக்கு ஒரு நாள்தானே?"

எந்த மாத்திரை என்று அவளுக்குத் தெரியும். தெருவில் பாதிப் பேர் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுகிற ஸ்டீராய்டு. ஒரு காலத்தில் அவளும் சாப்பிட்டு முகம் ஊதி, சர்க்கரை ஏறி, அதைச் சரிசெய்யத் தனியாக அலைந்தாள். ஆனாலும் "சரி, போங்க" என்ற வார்த்தை நுனி நாக்கு வரை வந்துவிட்டது. ஒரே ஒரு நாள். நதியாவின் வண்டி கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆனால் துர்காதேவி போனை எடுத்து ஷாஹிஸ்தாவைக் கூப்பிட்டுக் கை கிடக்கும் நிலையைச் சொன்னாள்.

"நேத்து கை நல்லா இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள் ஷாஹிஸ்தா.

"பறந்துச்சு மேடம்."

"இன்னா பண்ணீங்க?"

துர்காதேவி சொன்னாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"அக்கா, உங்களுக்கு வலிக்கிற நாளு எதிரி இல்ல. நல்ல நாளுதான் எதிரி. கை குடுத்ததையெல்லாம் அன்னிக்கே செலவு பண்ணிடறீங்க. சரி, திட்ட நேரமில்ல. சாப்பிட்டுட்டு டாக்டர் எழுதிக் குடுத்த வலி மாத்திரைய மட்டும் போடுங்க. வெந்நீர்ல கைய வைங்க. மெதுவா விரல அசைங்க, இழுக்காதீங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட உண்மைய சொல்லிடுங்க."

இன்ஸ்பெக்டரிடம் சொல்வது ஜாஃபருக்கு அறவே பிடிக்கவில்லை. ஆர்.டி.ஓ. மைதானத்தில் வரிசையில் நிற்கும்போதே காதருகில் முணுமுணுத்தான். "வாயத் தொறக்காதக்கா. பிரேக் இன்ஸ்பெக்டரு காதுல வியாதின்னு விழுந்துச்சுன்னா அப்படியே திருப்பி அனுப்பிடுவாரு. எட்டு மட்டும் போடு. அம்மாம்தான்."

யார் பேச்சைக் கேட்பது? சொன்னால் கையைப் பார்த்துத் தள்ளிவிடுவார். சொல்லாவிட்டால் கையே காட்டிக்கொடுத்துவிடும். யோசித்து முடிப்பதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். வலது கையைத் துணி சுற்றிய பிடியில் வைத்து முறுக்கினாள். விரல்கள் வழுக்கின. மறுபடி வைத்தாள். தோளிலிருந்து முறுக்கினால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் எப்படிக் கிளம்பும், எங்கே நிற்கும்? கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். துர்காதேவி சாவியை அணைத்தாள். இறங்கினாள்.

"பயந்துட்டாங்கடா!" வரிசையில் ஒரு பையன் குரல் கொடுத்தான். சிரிப்பு எழுந்தது. ஜாஃபர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இன்னாமா, வண்டி ஸ்டார்ட் ஆவலியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வண்டி ஆயிடுச்சு சார். கைதான் ஆவல."

"இன்னாது?"

சொல்லிவிட்டாள். முடக்குவாதம், மருந்து, காலை விறைப்பு, எல்லாவற்றையும். "என்னைக் கடைசியா கூப்பிடுங்க சார். அதுக்குள்ள இளகிடும். இளகலன்னா நானே போயிடறேன்."

அவர் டாக்டர் சான்றிதழையும் அவள் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளுங்கள ஏத்திக்கினு ரோட்டுல போறப்போ இப்படி ஆச்சுன்னா?"

பிரேக் எங்கே, சிக்னல் எப்படி என்றெல்லாம் கேட்பார் என்று மனப்பாடம் செய்து வந்திருந்தாள். இந்தக் கேள்வி அதில் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

"போறப்போ திடீர்னு ஆவாது சார். காலைல எழும்போதே தெரிஞ்சிடும். தெரிஞ்ச அன்னிக்கு வண்டி எடுக்க மாட்டேன்."

"இன்னிக்கும்தான் காலைலயே தெரிஞ்சிருக்கும். அப்புறம் எதுக்கு ஏறினீங்க?"

"ஏறினேன் சார். இறங்கிட்டேன்."

அவர் சான்றிதழை மடித்து அவளிடமே நீட்டினார். "ஓரமா உக்காருங்க. கடைசியா பாக்கலாம்."

ஜாஃபர் டீக்கடைக்கு ஓடினான். பிளாஸ்டிக் மக்கில் வெந்நீர் வந்தது. துர்காதேவி மரத்தடியில் உட்கார்ந்து கையை முக்கினாள், எடுத்தாள், விரல்களைப் பூப் போல விரித்தாள், மூடினாள். வரிசையிலிருந்த பையன்கள் அதேபோல் விரித்து மூடிக் காட்டி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். சற்று முன் குரல் கொடுத்தவன் மட்டும் கிட்டே வந்தான்.

"அக்கா, எங்கம்மாவும் காலைல இப்படித்தான் கையத் தேச்சுக்கினே இருக்கும். அது இன்னா மாத்திரைக்கா?"

"மாத்திரை பேரு கேக்காதப்பா. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ. இன்னிக்கே போ. அது முடியட்டும், இது முடியட்டும்னு இருந்துடாத."

கடைசிப் பெயராக அவள் பெயர் வந்தது. விரல்கள் வலித்தன, ஆனால் மடங்கின. பிடி நழுவாமல் நின்றது. வண்டி முனகலோடு நகர்ந்தது. முதல் வளைவு. கோடு தாண்டவில்லை. நடுவில் குறுக்கே வந்து இரண்டாவது வளைவு. வலதுபக்கம் திரும்பக் கையை நீட்டினாள். மணிக்கட்டு மடங்காததால் தோளிலிருந்து கை முழுவதையும் கொடிக்கம்பம் போல நீட்டினாள்.

"ஏம்மா, கைய இப்படியா காட்டறது?"

"மணிக்கட்டு மடங்காது சார். ஆனா பின்னால வர்றவனுக்கு நல்லாவே தெரியும்!"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி எட்டை முடித்துக் கோட்டருகே வந்து, காலடி பிரேக்கில் மெத்தென்று நின்றது. அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பாத்து ஓட்டுங்க" என்றார்.

"பாஸா சார்?"

"பாஸ்தான்மா."

ஜாஃபர் போட்ட விசிலில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. சாவியை அவள் முன்னால் ஆட்டினான். "வாக்கா! நீயே ஓட்டிக்கினு போ. சங்கரி அக்கா வாசல்ல ஒரு ரவுண்டு அடிப்போம். தெருவே பாக்கட்டும்!"

ஆசை! அவளுக்கு எவ்வளவு ஆசை! தெருமுனையில் திரும்பும் காட்சி வரை கண்ணில் ஓடிவிட்டது. ஆனால் கட்டைவிரல் அடியில் சூடு மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. அவள் பின்சீட்டில் ஏறிக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ ஓட்டு ஜாஃபரு."

"இன்னாக்கா இது?"

"ஓட்டுடான்றேன்."

பெரிய சாலைக்கு வந்ததும் கையில் கட்டைப்பையோடு ஒரு பெண்மணி வண்டியை மறித்தார். "ஐயம்பேட்டை போவுமா?"

துர்காதேவி தலையை வெளியே நீட்டினாள். "போவும்மா. இன்னிக்கு இல்ல. திங்கக்கிழமையிலேர்ந்து இந்தப் பக்கமே வருவேன், பச்சை வண்டி."

"நீங்க யாரு?"

"டிரைவரு."

அந்தப் பெண்மணி முன்னால் இருந்த ஜாஃபரையும் பின்னால் இருந்த அவளையும் பார்த்தார். "டிரைவரு பின்னால உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"இன்னிக்கு லீவும்மா!" என்றாள் துர்காதேவி.

"மொத சவாரியே போச்சு" என்று ஜாஃபர் தலையில் அடித்துக்கொண்டான். சாலையோரத்தில் அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு என்று சத்தமாகக் கேட்டார்.