கிராஃபிக்ஸ் டிரைவர் போடப் போய்...

போன சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, எங்கள் வீட்டு கம்ப்யூட்டரை நானே என் கையால் கொன்றேன்.

காரணம் ஒரு க்யூப். முந்தின வாரம் ரிச்சர்ட்சனில் நண்பர் ரஃபீக் வீட்டில், ஆளுக்கொரு ஐட்டம் சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக் விருந்து. பிரியாணி ஆறுவதுகூடத் தெரியாமல் ஆண்கள் எல்லோரும் அவருடைய கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். லினக்ஸ். மவுஸை இழுத்தால் திரை முழுக்க ஒரு கனசதுரமாகச் சுழல்கிறது! ஒரு பக்கம் மெயில், மறுபக்கம் கிரிக்கெட் ஸ்கோர்...

"உங்க மெஷின்லயும் வரும்ங்க. கிராஃபிக்ஸ் கார்டுக்கு சரியான டிரைவரை இன்ஸ்டால் பண்ணுங்க, போதும்" என்றார்.

எங்கள் வீட்டிலும் லினக்ஸ்தான். வைரஸ் தொல்லை தாங்காமல் இதே ரஃபீக் வந்து போட்டுக் கொடுத்தது. அன்று டீ கொண்டுவந்த என் மனைவி சுமதி, டம்ளரைக் கையில் வைத்தபடியே ஒரு மணி நேரம் பின்னால் நின்று பார்த்தாள். டீ ஆறிப்போச்சு என்று நான் கடிந்துகொண்டது ஞாபகம் இருக்கிறது.

எனக்கு லினக்ஸ் தெரியாது. நான் பதினோரு வருடமாக ஆபீஸின் பெரிய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்களோடு மட்டும் பழகின ஆசாமி. ஆனால் அதை வெளியே சொல்ல முடியுமா? தெரிந்தவர் வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் எனக்குத்தான் போன் வருகிறது!

கார்டை இயக்கும் அந்த டிரைவர் புரோகிராமை டவுன்லோட் செய்தேன். எப்படிப் போடுவது என்று ஒரு இன்டர்நெட் ஃபோரத்தில் யாரோ புண்ணியவான் வரிசையாகக் கட்டளைகளை எழுதியிருந்தார். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன் — திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை. கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன். லினக்ஸில் பாஸ்வேர்டு அடித்தால் திரையில் தெரியவே தெரியாதாம். இதை முன்னாடியே சொன்னால் என்ன?

நான்காவது கட்டளை, திரையின் கிராஃபிக்ஸை மொத்தமாக நிறுத்துவது. கீழ்ப்படிந்தேன். கறுப்பு! மூலையில் கட்டளை அடிக்க ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கியது. ஐந்தாவது என்ன? அது அந்த ஃபோரம் பக்கத்தில் இருக்கிறது. ஃபோரம் பக்கம் எங்கே? நான் இப்போது நிறுத்திய திரையில்...

பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டினவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது.

ஞாபகத்தில் இருந்ததை வைத்து டிரைவரை இன்ஸ்டால் செய்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் 'யெஸ்' போட்டேன். ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடி கறுப்பு, இந்த முறை அந்தக் கோடும் இல்லை. இன்னொரு முறை ரீஸ்டார்ட். அதே கறுப்பு.

அப்போதுதான் கிச்சனிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, முடிச்சிட்டீங்களா? அஞ்சு மணிக்குள்ள நான் அப்ளிகேஷன சப்மிட் பண்ணணும்."

அப்ளிகேஷன்!

சுமதி இங்கே அமெரிக்கா வந்து மூன்று வருடம். டிபெண்டென்ட் விசா. வேலைக்குப் போக அனுமதி இல்லை, படிக்கலாம். கம்ப்யூட்டரில் எம்.எஸ்.ஸுக்கு அப்ளை செய்ய அன்றுதான் கடைசி நாள். அதற்கான கட்டுரையை ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தாள். "ஒரு தடவை படிச்சுப் பாக்கறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். "வீக்கெண்ட்ல பாக்கலாம்" என்று இரண்டு முறையும் சொன்னேன்.

"அந்த எஸ்ஸேய மெயில்ல எங்கயாவது போட்டு வெச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்லயே, இதுலதான் இருக்கு. ஏன்?"

வந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். "கொஞ்சம் எழுந்திரிங்க" என்றாள், அவ்வளவுதான்.

உட்கார்ந்து மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினாள். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன! பாஸ்வேர்டு கேட்டது. திரையில் தெரியாத எழுத்துகளைச் சர்வசாதாரணமாக அடித்தாள்.

"மொதல்ல எஸ்ஸே இருக்கான்னு பாத்துக்கறேன்." இன்னொரு வரி அடித்தாள். கட்டுரை முழுவதும் திரையில் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் அப்போதுதான் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது, முதல் வரிகளைத் தமிழில் சொல்கிறேன்:

'இந்த மூன்று வருடத்தில் என்னிடம் யாரும் ஒரு டெக்னிக்கல் கேள்விகூடக் கேட்டதில்லை. அதனால் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.'

லைப்ரரி புத்தகங்களை வைத்துக்கொண்டு இந்த சிஸ்டத்தையே நான்கு முறை அழித்து, திரும்பப் போட்டிருக்கிறாளாம். நான் ஆபீஸ் போன பிறகு! சாயங்காலம் நான் வந்து உட்காரும்போது எல்லாம் பழையபடி இருக்கும். எனக்கு ஒன்றுமே தெரியாது. ஒரே வீடு, ஒரே கம்ப்யூட்டர்... எனக்கு ஒன்றுமே தெரியாது! வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. இன்னும் என்னவெல்லாம் எனக்குத் தெரியாது?

"புது டிரைவர் பழைய செட்டிங்ஸ ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கும். அத திரும்பப் போட்டா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். திரை உயிர் பெற்றது. கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது.

"சுமதி... அந்த மூணு கீய அமுக்கினியே, அது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

விளக்கமாகச் சொன்னாள். பொறுமையாக. சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"அச்சச்சோ... இப்ப நீங்க கேட்டுட்டீங்களே. எஸ்ஸேல மொத வரிய மாத்தணுமே!"

மாற்றவில்லை. அப்படியேதான் அனுப்பினாள்.