தையல் விடாத வேகம்

வாரத்தில் ஆறு நாள் மேலும் கீழும் போகிறவர் அவர். லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறைக்குள் குனிந்தே வேலை பார்த்தவருக்கு ஏழாவது நாளாவது நேராகப் போக வேண்டும். அதற்கென்றே இருந்தது அந்தப் பழைய வெள்ளைக் கார்.

அந்தக் காருக்குத்தான் ஆபத்து வந்தது. போன முறை மச்சான் வீட்டுக்குப் போகும்போது கடைசி பெட்ரோல் பங்கை, "அட, தாராளமா போயிடலாம்" என்று தாண்டினார். நாலு கிலோமீட்டர் பாக்கி இருக்கையில் வண்டி நின்றுவிட்டது. மச்சான் ஸ்கூட்டரில் கேனோடு வந்தான். அன்றிலிருந்து அவர் 'கேன் அத்தான்'.

மனைவி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை வழியில நின்னுச்சுன்னா வித்துடணும். சரியா?" என்று தம்பியை வைத்துக்கொண்டே கேட்டாள். ரோஷத்தில் தலையாட்டியவர் அதோடு விட்டாரா? "அடுத்த மாசம் ஒரே டாங்க்ல, எங்கயும் நிரப்பாம வந்து காட்டறேன்டா!"

வழி இல்லாமல் வாய் விடவில்லை. அந்தக் காரின் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைச் சொல்லும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியை அவரே வாங்கிப் பொருத்தியிருந்தார். லேப்டாப்பில் திறந்தால் கட்டம் கட்டமாக எண்கள். ஏற்றத்தில், முந்தும்போது இன்ஜினுக்கு வயிறு நிறையக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடேறிக் கெட்டுப்போகும். ஆனால் சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது காற்றைக் கூட்டி, பெட்ரோலைக் குறைத்துப் பத்தியம் போடலாம். வழக்கமாக ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலே முக்கால் பங்கு காற்று. அவர் குறி வைத்தது பதினேழு.

இரண்டு ஞாயிறுகள் தனியாகவே ஓட்டினார். பக்கத்து சீட்டில் லேப்டாப். ஓரங்கட்டிப் பதிவைப் பார்த்தால் எண்கள் கன்னாபின்னாவென்று குதித்திருந்தன. சென்சாரைத் திட்டினார். ஒயரைத் திட்டினார். வேறொன்று மாற்றியும் அதே குதியாட்டம்.

மூன்றாவது ஞாயிறு மனைவி சாவியைக் கேட்டாள். "நீங்க பொட்டியப் பாருங்க. நான் ஓட்டறேன்."

"உனக்கு எதுக்கும்மா கஷ்டம்?"

"எனக்குக் கஷ்டம் இல்ல. உங்க கால்தான் கஷ்டப்படுது. மிதிக்குது, விடுது, மிதிக்குது. வண்டி என்ன பண்ணும் பாவம்?"

வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள். எண்பதில் வண்டியை நிறுத்தினாள். ஆமாம், நிறுத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். முள் அசையவில்லை. திரையில் எண்கள் சமர்த்தாக உட்கார்ந்தன.

"எப்படிம்மா?"

"முப்பது வருஷமா மிஷின் பெடல்ல இருக்கிற கால். வழவழன்னு நழுவற துணியில ஒரே சீரா ஓட்டணும்னா சும்மாவா?"

அவர் பெட்ரோலைக் குறைத்தார். பதினைந்தரை. பதினாறு. பதினாறரை.

"விடுது" என்றாள்.

"என்ன விடுது?"

"தையல். ஊசி இறங்குது, நூல் பிடிக்கல. இப்ப ஒண்ணு... இப்ப ஒண்ணு."

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "மீட்டர் எதுவும் சொல்லலியே?"

"அப்ப மீட்டர்கிட்டயே சட்டை தச்சுக்கோங்க."

ஓரங்கட்டி, பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்ஜின் வேகத்தைக் காட்டும் கோட்டில் நூலிழை போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள். பெட்ரோல் போதாமல் அங்கங்கே தீப்பிடிக்காமல் போயிருக்கிறது. அவள் சொன்ன அதே இடங்களில். பதினேழு என்ற ஆசையை விழுங்கினார். மெலிந்த கலவை மெதுவாக எரியும் என்பதால் தீப்பொறியைக் கொஞ்சம் முன்கூட்டியே வரவைத்து, பெட்ரோலை ஒரு துளி கூட்டினார்.

"இப்போ?"

"ஓடுது."

பதினாறு. அதையே சேமித்தார்.

போகும் நாள் வந்தது. சவால் தன்னுடையது, தானே ஓட்டுவதாகப் பிடிவாதம் பிடித்தார். நூறு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் பெட்ரோல் முள் கணக்கை மீறிக் கால்வாசி இறங்கியிருந்தது. மனைவி முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பார்வையைவிடப் பேச்சே தேவலை. அவராகவே ஓரங்கட்டி இறங்கி, ஸ்டியரிங்கை அவளிடம் விட்டார்.

கடைசி பங்க் கண்ணில் பட்டபோது முள் சிவப்பை உரசியது. கணக்குப்படி போதும். இருந்தும் அவர் எட்டி மீட்டர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

"நிரப்பிடலாமா?"

"அப்ப தோத்துட்டீங்கன்னு சொல்லவா?"

"வேணாம்."

"அப்ப வாய மூடிட்டு உக்காருங்க."

அவள் கால் அசையவில்லை. பங்க் பின்னால் போனது. போன தடவை நின்ற மரத்தடியும் பின்னால் போனது. அப்போதுதான் அவர் மூச்சு விட்டார்.

வாசலில் மச்சான் கேனோடு தயாராக நின்றான். கார் அவன் காலருகே வந்து நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டே. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்தது.

"என்னக்கா, கேனுக்கு வேலையே இல்லையா?"

"ஏன் இல்ல? தண்ணி புடிச்சுட்டு வா. வண்டியக் கழுவு."

"அப்ப வண்டிய விக்கலதானே?" என்று நடுவில் கேட்டுவைத்தார் அவர்.

"ஓடற வண்டிய எவனாவது விப்பானா?"

மறுநாள் கிளம்பும்போது பழக்க தோஷத்தில் வலப்பக்கக் கதவுக்குப் போனார். ஸ்டியரிங் முன்னால் மனைவி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சாவி சொருகியாகிவிட்டது.

சுற்றிக்கொண்டு இடப்பக்கம் ஏறினார். இருபத்தாறு வருடம் குனிந்த முதுகைச் சாய்த்து, காலை நீட்டினார். இந்த சீட்டில் இவ்வளவு இடம் இருப்பது அவருக்கு இதுவரை தெரியாது.