ரிட்பெர்கர் அக்கா

முதலில் ஃபிளாஸ்க். மூடியைக் கழற்றி மடியில் வைத்து, அரைவாசிக்குத் தேநீர் ஊற்றி, ஆவி அடங்குமுன் நான்கே மிடறில் குடித்து முடித்த பிறகுதான் நகுலேஸ்வரி அக்கா ஐஸைப் பார்ப்பார். ஆறிய தேத்தண்ணியை அவரால் கண்ணாலும் காண முடியாது. பக்கத்தில் இருப்பவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதையளந்தால் அதுவும் பொறுக்காது. "குடியும் பிள்ளை, ஆறுது" என்று மூன்று தரம் சொல்வார். நான்காவது தரம் வாங்கித் தானே குடித்துவிடுவார். என்னுடையதை இரண்டு முறை குடித்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய ஐஸ் ரிங்க். நூல் சேலை, அதன்மேல் கணுக்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டு, இரண்டு சோடிக் காலுறை, காலஞ்சென்ற கணவரின் கம்பளித் தொப்பி. இருக்கையில் பழைய பேப்பர் விரித்து, மடியில் ஒரு அப்பியாசக் கொப்பி வைத்து அக்கா உட்கார்ந்துவிட்டால் பத்து மணிவரை அசையமாட்டார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் மகள் மயூராவால். ஏழு வயதில் அவளுக்கு ஸ்கேட்டிங் ஆசை வந்தது, ஆறு கிழமையில் போய்விட்டது. எனக்குத்தான் போகவில்லை. மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நான் மட்டும் ரிங்குக்குப் போவதை என் கணவர் இன்றுவரை ஒரு வருத்தம், ஒருவித வியாதி என்றே நினைக்கிறார். ஐஸில் எனக்கென்ன கிடக்கிறது? அக்காவைப் பார்க்கத்தான் போனேன்.

அக்கா போவது ரோஸியைப் பார்க்க. பெயரை மாற்றியிருக்கிறேன், அந்தப் பிள்ளைக்குத் தொல்லை வேண்டாம். பதினைந்து வயது, மூக்கு எந்நேரமும் சிவந்திருக்கும் மெலிந்த பெட்டை. நாட்டின் பெரிய போட்டிகளில் ஏறத் தொடங்கியிருந்தாள். அவளோடு அக்கா ஒரு சொல் பேசியதில்லை. "என்னத்துக்கு? பிள்ளை பழக வாறாள். என்னோடை கதைக்கவே வாறாள்?"

சிலவேளை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நித்திரையாக்கும் என்று நான் முதல் நாள் தட்டி எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "சும்மா இரும்! சத்தத்தைக் கேளும். புதுத் துணி கிழிக்கிற மாதிரிக் கேட்டா நல்லா இறங்கியிருக்கிறாள். சுரண்டிற மாதிரிக் கேட்டா எங்கையோ பிழை." பிறகு கொப்பியைத் திறப்பார். பாய்ச்சல்களின் பெயர்கள் தமிழ் எழுத்தில் வரிசையாக இருக்கும்: லுட்ஸ், ஃப்ளிப், ஆக்ஸல். சரியாக இறங்கினால் ஒரு கோடு. விழுந்தால் 'லைடர்' என்று எழுதுவார். விழுந்தாள் என்று எழுத அவருக்கு மனம் வருவதில்லையாம்.

லைடர் ஜேர்மன் சொல். 1986இல் அக்காவும் கணவர் ஸ்ரீதரனும் ஜேர்மனியில் ஓர் அகதி விடுதியில் இருந்தார்கள். வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதியில்லை, பாஷை ஒரு சொல் தெரியாது. பொது அறையில் ஒரு டெலிவிஷன் இருந்தது. "செய்தி விளங்காது. படம் விளங்காது. உது மட்டும் விளங்கிச்சு. ஆள் ஓடி வருது, எழும்புது, விழுது, திருப்பியும் எழும்புது. உதுக்கென்ன பாஷை?" ஆள் விழுந்த ஒவ்வொரு தரமும் வர்ணனைக்காரர் "லைடர்" என்றார். என்ன செய்வது, சரிவரவில்லை என்பது போல. அக்கா படித்த முதல் ஜேர்மன் சொல் அதுதான். பிறகு விசா அலுவலகத்தில் அதே சொல்லைப் பல தடவை கேட்டிருக்கிறார்.

பதினான்கு வருடம் கழித்து, மகள் தனுஷியா ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று லண்டன் வந்தார்கள். மகள் படித்தாள், கல்யாணம் கட்டினாள், ஹரோவில் வீடு வாங்கினாள். ஸ்ரீதரன் அண்ணை 2003இல் மாரடைப்பில் போய்விட்டார். அக்காவுக்கு மிஞ்சியது வால்தம்ஸ்டோவில் ஒரு சின்ன வீடு, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, தனுஷியா கொண்டுவந்து பூட்டிவிட்ட கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் எடுப்பாள். "நல்ல பிள்ளை. பாவம், நேரமில்லை" என்பார் அக்கா. சில ஞாயிறுகளில் மகள் எடுப்பதில்லை. அப்போதும் இதையேதான் சொல்வார்.

அந்தக் கம்ப்யூட்டரில் ரோஸியின் பெயரைத் தேடியபோது ரசிகர் மன்றம் ஒன்று அகப்பட்டது. கட்டவுட் வைத்துப் பால் ஊற்றும் மன்றமல்ல. நாடு முழுக்கப் பன்னிரண்டே பேர். ரோஸியின் இசை மெதுவாக இருக்கிறதா, கைகளை இன்னும் நீட்டவேண்டுமா, பச்சைச் சட்டை எடுபடுகிறதா என்று இரவு பகலாக எழுதித் தள்ளுவார்கள். ஆறுக்கு இத்தனை என்றிருந்த பழைய புள்ளிமுறையை எடுத்துவிட்டு அரையும் காலும் கூட்டும் புதுமுறை வந்ததை ஒரு மாதம் திட்டினார்கள். அக்காவும் சேர்ந்து திட்டினார். பன்னிரண்டு பேரில் பயிற்சியைக் கண்ணால் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். சனி மத்தியானம் அவருடைய அறிக்கைக்காக, யோர்க்‌ஷயரில் வேலையிலிருந்து இளைப்பாறிய தபால்காரி டோரீனும் நொட்டிங்கமில் பஸ் ஓட்டும் கீத்தும் காத்திருப்பார்கள். விழுந்தால் 'லைடர்' என்று அவர்களும் எழுதப் பழகிவிட்டார்கள். அக்காவின் சொல்லுக்காக யாராவது காத்திருப்பது அந்தக் கிழமையில் அந்த ஒரு மணித்தியாலம்தான்.

பதியும்போது மன்றம் ஒரு பெயர் கேட்டது. அக்கா தனக்குப் பிடித்த பாய்ச்சலின் பெயரைப் போட்டார்: ரிட்பெர்கர். உலகம் முழுக்க அதற்கு அதுதான் பெயர் என்று நினைத்திருந்தார். இங்கே எல்லோரும் அதை லூப் என்பார்கள், ரிட்பெர்கர் ஜேர்மன்காரரின் வழக்கு. "எங்களுக்கு ஒரு ஜேர்மன் சீமாட்டி கிடைத்துவிட்டார்!" என்று டோரீன் ஆனந்தமாக எழுதினார். அக்கா மறுக்கவில்லை.

அந்த ஜேர்மன் சீமாட்டிக் கதை வளர்ந்தது. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் அக்கா விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் ரோஸி பேரில் அர்ச்சனை செய்வார். மன்றத்தில் போட்டிருந்த பிறந்த தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்து நட்சத்திரமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். "ரோஸி, சித்திரை நட்சத்திரம்" என்றதும் ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாராம். பிறகு மணியை எடுத்தாராம். வீட்டுக்கு வந்து மன்றத்தில், மெழுகுதிரி கொளுத்தினேன் என்று எழுதினார். "அர்ச்சனையை இங்கிலீசிலை என்னெண்டு எழுதிறது, பிள்ளை? பிறகு அதுக்கொரு விளக்கம், விளக்கத்துக்கொரு விளக்கம்." உடனே கீத், ரிட்பெர்கர் அம்மா கத்தோலிக்கர், தென்ஜேர்மனியின் பவேரியாக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினார். நத்தார் பண்டிகைக்கு டோரீன் ஜேர்மனில் வாழ்த்து அனுப்பினார். அக்காவும் ஜேர்மனிலேயே பதில் போட்டார். அந்தப் பாஷையில் அவருக்கு ஒரு பிழை வராது.

2006இன் கடைசியில் மன்றத்தில் சண்டை. லுட்ஸ் பாயும்போது கால் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ரோஸியின் கால் கடைசி நொடியில் உள்ளே மடங்கிவிடும். இரண்டு வருடமாக இதைத் திருத்தாத வயதான பயிற்சியாளரை மாற்றவேண்டும் என்று கீத் குதித்தார். அக்கா மட்டும் கிழவருக்காக நின்றார். "திருத்த வெளிக்கிட்டா ஆறு மாசம் பிள்ளை விழுந்துகொண்டே இருப்பாள். அதைப் பாக்க அந்த மனுசனுக்கு ஏலாமல் இருந்திருக்கும். எனக்கே ஏலாது." ஆனால் வீட்டார் முடிவெடுத்துவிட்டார்கள். ஜனவரியில் ஷெஃபீல்டில் ஒரு போட்டி, அதன் பிறகு ரோஸி கனடா போகிறாள். புது நாடு, புதுப் பயிற்சியாளர். இனி வால்தம்ஸ்டோப் பக்கம் வரமாட்டாள்.

வழியனுப்ப மன்றத்தார் முதல்முறையாக நேரில் கூடுவதென்று தீர்மானித்தார்கள். 'C பகுதி, ஒன்பதாம் வரிசை, ஆறு இருக்கைகள் வாங்கிவிட்டேன்' என்று டோரீன் எழுதினார். 'ரிட்பெர்கருக்கு முழங்கால் வருத்தம், அவருக்கு ஓரத்து இருக்கை.' வரப் பார்க்கிறேன் என்று மட்டும் அக்கா பதில் போட்டார். எனக்குப் போன் எடுத்து, ஷெஃபீல்டுக்கு இரண்டு டிக்கெட் புக் பண்ணச் சொன்னார். "C பகுதி, பதினோராம் வரிசை, ஓரம்" என்றார். ஏன் பதினொன்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கோச்சில் போகும்போது, லூட்டனும் தாண்டிய பிறகுதான் சொன்னார். "அவையள் ஒரு வெள்ளைக்கார அம்மாவைப் பாத்துக்கொண்டிருக்கினம், பிள்ளை."

"நீங்கள் ஒண்டும் பொய் சொல்லேல்லையே அக்கா?"

"சொல்லேல்லை. அவையள் நினைச்சவை, நான் விட்டிட்டன். மூண்டு வருஷம் விட்டிட்டன். இப்ப போய் நான்தான் எண்டு நிண்டா, ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை எண்டு கேப்பினம். என்னத்தைச் சொல்லுவன்?"

"ரோஸி போனாப் பிறகு என்ன செய்யப் போறியள்? எழுத என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. இதுதான் கடைசி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப என்னத்துக்கு நூற்றறுபது மைல்? பின்வரிசையிலை ஒளிச்சிருந்து ரோஸியைப் பாக்கவோ?"

அக்கா யன்னல் கண்ணாடியைக் கோட்டுக் கையால் துடைத்து, வெளியே ஒன்றுமில்லாத வயல்களைப் பார்த்தார். சனிக்கிழமைகளில் ரோஸியைப் பார்த்து அலுத்த கண்களல்ல அவை, ஆனால் ஷெஃபீல்டுக்கு அவர் போவது ரோஸிக்காக மட்டுமல்ல என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

ஒன்பதாம் வரிசையில் ஐந்து பேர். மடியில் மஞ்சள் துணியில் ரோஸியின் பெயர். வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிய பெண்ணைக் கண்டதும் அக்கா என் கையைப் பிடித்தார். "உதுதான் டோரீன். சிரிக்கேக்கை வாயைப் பொத்துவன் எண்டு எழுதினவ." சொல்லி வாய் மூடவில்லை, டோரீன் வாயைப் பொத்திச் சிரித்தார். "அந்தக் கரையிலை கீத். பாரும், தலையாட்டிறதை. சண்டைக்காரன்." வீட்டு ஆட்களைக் காட்டுவது போலத்தான் காட்டினார். ஓரத்து இருக்கையில் டோரீனின் கோட்டு மடித்து வைத்திருந்தது. அதன்மேல் ஒரு தாள், பெரிய எழுத்தில்: ரிட்பெர்கர். படியேறி வந்த ஒவ்வொரு வயதான வெள்ளைக்காரப் பெண்ணையும் டோரீன் எட்டி எட்டிப் பார்த்தார்.

ரோஸி வந்தாள். பச்சைச் சட்டைதான். முதலாவது லுட்ஸ், கால் உள்ளே மடங்கி, பிள்ளை இடுப்படிபட விழுந்தாள். "லைடர்" என்றார் அக்கா. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அரங்கமே மூச்சடைத்திருந்த நேரம் அது. டோரீன் சடாரென்று திரும்பினார். அவருடைய கண் அக்காவின் முகத்தில் பட்டது, என் முகத்தில் பட்டது, எங்களைத் தாண்டி மேல்வரிசைகளில் யாரையோ தேடியது. ஒருவரையும் காணாமல் மறுபடி ஐஸுக்குத் திரும்பியது. அக்கா தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். டோரீனில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. ஆனாலும் நெஞ்சு எரிந்தது.

ரோஸி எழும்பினாள். இரண்டாம் நிமிடத்தில், இசை மாறும் இடத்தில், பின்பக்கமாக வந்து ஒற்றைக் காலில் எழுந்து மூன்று சுற்றுச் சுற்றி இறங்கினாள். புதுத் துணி கிழிக்கும் சத்தம், எனக்கே கேட்டது. ஒன்பதாம் வரிசை ஐந்து பேரும் எழும்பி நின்று, முன்கூட்டியே பேசிவைத்ததுபோல, ஒரே குரலில் கத்தினார்கள்: "ரிட்பெர்கர்!" கத்திவிட்டு அந்த ஓரத்து இருக்கையைப் பார்த்துக் கைதட்டினார்கள். அங்கே கோட்டும் தாளும் இருந்தன.

அக்கா கொப்பியில் கோடு போடவில்லை. பேனை கையில் அப்படியே இருந்தது.

இடைவேளையில் ஐஸை மட்டப்படுத்தும் வண்டி வந்தது. கீத் ஒரு தட்டில் தேநீர் வாங்கி வந்தார். ஐந்து பேர், ஆறு கோப்பை. டோரீன் ஆறாவது கோப்பையை வாங்கி, காலியான இருக்கைக்கு முன்னால் தரையில் வைத்து, மூடியையும் திறந்துவிட்டார். யாருக்கோ வைத்துக் கும்பிடுவது போலிருந்தது. குளிரில் ஆவி வெள்ளையாக எழுந்தது.

வண்டி ஒரு சுற்றுச் சுற்றியது. அக்கா ஐஸைப் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்று. ஆவி மெலிந்துகொண்டு வந்தது. ஒன்பதாம் வரிசை குனிந்து ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை, உந்தத் தேத்தண்ணி ஆறுது" என்றார் அக்கா.

நான் ஏதும் சொன்னால் நின்றுவிடுவார் என்று பயமாக இருந்தது.

"அநியாயமா ஆறுது" என்றார் மறுபடி. தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, வருத்தக் காலை முதலில் வைத்து, ஒரு படி இறங்கினார். நின்றார். மற்றப் படியும் இறங்கினார்.

டோரீன் திரும்பியபோது அக்கா குனிந்து அந்தக் கோப்பையை எடுத்து, முதல் மிடறைக் குடித்துக்கொண்டிருந்தார்.