பின்னால் இருக்கும் தண்ணீர்

இங்கே ஏரியை அவரவர் நினைத்த பக்கமாகச் சுற்றுகிறார்கள். ஜெர்மனிக்கு வந்து இத்தனை காலமாகியும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை. ஏரி என் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நான் நடப்பேன். எதிரே நாயைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் வருவார், சைக்கிளில் இருவர் வருவார்கள், பாதி வழியில் ஒருவர் எதையோ மறந்தவர் போலத் திரும்பி நடப்பார். யாரும் அவரைக் கண்டுகொள்வதில்லை. நம்மூரில் பௌர்ணமியன்று மலை சுற்றும்போது ஒருவர் அப்படித் திரும்பி நடந்தால், எதிரே வருகிற கூட்டம் முழுவதும் அவருக்குப் புத்தி சொல்லும்.

அந்தக் கூட்டத்துக்காகத்தான் நானும் ஏழுமலையும் ஒரு செயலி செய்தோம். ஏழுமலை என் கல்லூரித் தோழன். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்கப் போனவர்கள் நாங்கள்; இப்போது வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். கிரிவலம் வருகிறவர்களுக்குத் தண்ணீர், கழிப்பறை, அன்னதானம் எங்கே என்று போனில் காட்ட வேண்டும். இரண்டு வகைப் போனுக்கும் தனித்தனியாக எழுத எங்களிடம் ஆள் இல்லை. ஒருமுறை எழுதினால் இரண்டிலும் ஓடுகிற ஃபிரேம்வொர்க் ஒன்றை எடுத்தோம். வேலை பாதியாகக் குறைந்தது. பதிலுக்குச் செயலி கனத்தது, பழைய போன்களில் திணறியது, பொத்தான்கள் இரண்டு போனிலுமே வெளியூர்க்காரர்களைப் போல நின்றன. மலை சுற்றுகிறவர் திரும்பி வரமாட்டார் என்பதால், தாண்டி வந்த குழாயை மறைத்துவிட்டு முன்னால் இருப்பதை மட்டும் காட்டும் சின்னப் பகுதி ஒன்றை நாங்களே எழுதினோம். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தோம். ஃபிரேம்வொர்க்கின் உரிமம் தாராளமானது. பெயரைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள், மாற்றி எழுதியதை யாருக்கும் காட்டாமல் பூட்டி விற்றாலும் கேட்கமாட்டோம் என்கிற வகை. எங்கள் பகுதிக்கும் அதையே போடலாம் என்றேன். ஏழுமலை ஒப்பவில்லை.

“சும்மா எடுத்துக்கட்டும். மாத்தி வெளிய குடுத்தான்னா அவனும் தொறந்து குடுக்கணும். அன்னதானத்துல வயிறு ரொம்ப சாப்ட்டுப் போவலாம்டா, அண்டாவ தூக்கினு போவ முடியுமா?” என்றான்.

அப்படியும் ஓர் உரிமம் உலகத்தில் ஏற்கெனவே இருந்தது. அதையே போட்டோம்.

இங்கே நான் வேலை செய்யும் நிறுவனம் ஏரி சுற்றுகிறவர்களுக்கான செயலி செய்கிறது. அதே ஃபிரேம்வொர்க்தான். வெளியிடும் முன்பு, வெளியிலிருந்து எடுத்த ஒவ்வொரு பகுதியின் உரிமத்தையும் சோதிப்பார்கள். ஒரு பகுதியின் உரிமம் கண்டிப்பானது, அதைச் சேர்த்து வெளியிட்டால் செயலி முழுவதையும் திறந்து காட்ட வேண்டும் என்று தெரிந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் நான். எனக்கு முன்னால் அங்கே இருந்த யாரோ, எங்கிருந்து வந்தது என்று பாராமல் அதைச் சேர்த்திருக்கிறார். மேலாளர் கட்ரின் சிரித்துவிட்டார். நிறுவனத்துக்குத் திறந்து காட்ட விருப்பமில்லை. நாங்கள் இருவரும் சம்மதித்தால் வேறு உரிமத்தில் கொடுக்கலாம். என் வேலை ஒப்பந்தமே அந்தச் செயலியை நம்பித்தான். அது வெளிவராவிட்டால் ஒப்பந்தம் நீளாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் விசாவும் இல்லை.

அன்றே ஏழுமலையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். “உனக்கு இல்லாததாடா? எடுத்துக்கோ” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் கட்ரின் கேட்டார்: “அவருக்கு என்ன வேண்டும்?”

“ஒன்றும் வேண்டாம்.”

“ஒன்றும் வேண்டாம் என்றால் எப்படி? பிறகு ஒருநாள் மனம் மாறினால்? ஒரு விலை சொல்லச் சொல்லுங்கள்.”

அவன் என் நண்பன் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லது, விலை எப்போது தெரியும்?” என்றார். அவரிடம் தப்பில்லை. இங்கே காசு கொடுத்து வாங்குவதுதான் மரியாதை. எனக்கும் அதற்குள் அந்த மரியாதை பழகிவிட்டது போலிருக்கிறது. கூச்சமே இல்லாமல் போனை எடுத்து விலை கேட்டேன்.

கடையில் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரை அவன் நிறுத்தினான். பிறகு, “நேத்து நான் குடுத்தது உனக்கு. இன்னிக்கி கேக்கறது கம்பெனி. இன்னா வெலடா சொல்லட்டும்? வாணாம், உட்டுடு” என்றான்.

“டேய், என் விசா...”

“தெரியும். அதுக்குத்தான் நேத்து கேக்காமயே சரின்னேன்.”

போனை வைத்துவிட்டான். அதன் பிறகு கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நிறுவனம் எங்கள் பகுதியைப் பிடுங்கிவிட்டு, யானா என்ற பெண்ணைப் புதிதாக எழுதச் சொன்னது. பழையது எனக்குத் தெரியும் என்பதால் நான் புதியதைத் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, சாப்பாட்டு மேசையில்கூட அதைப் பற்றிப் பேசக் கூடாது. யானா காபி எடுக்க வரும்போது நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். செயலி வெளிவந்தது. ஒப்பந்தம் நீண்டது, விசாவும் நீளும். கேக் வெட்டினார்கள். சந்தோஷம் வருமா என்று பார்த்தேன், பிறகு துக்கமாவது வருமா என்று பார்த்தேன். இரண்டும் வரவில்லை. கேக் நன்றாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றப் போனேன். நல்ல வெயில். தாகமெடுத்தது. எங்கள் நிறுவனத்தின் செயலியைத் திறந்து தண்ணீர் கேட்டேன். “பிட்டே வெண்டன்” என்றது. தயவுசெய்து திரும்புங்கள் என்று அர்த்தம். அது சொன்னது சரிதான். நான் தாண்டி வந்த குழாய் கொஞ்ச தூரத்தில், பாதையோரத்தில் பளிச்சென்று தெரிந்தது. யானாவிடம் யாரும் திரும்பக் கூடாது என்று சொல்லவில்லை. இந்த ஊரில் அப்படிச் சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த அம்மாள் நாயோடு அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். கால் திரும்பவில்லை.

சட்டைப் பைக்குள் போன் பிட்டே வெண்டன், பிட்டே வெண்டன் என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஏரியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, நாக்கு வறள, முன்னால் நடந்தேன்.